கண்ணீரை அளக்கும் கோல் எது?

பௌர்ணமிதோறும் நம் திருவண்ணாமலை நகரில் இலட்சக்கணக்கான மக்கள் மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் நடக்கின்றனர். காவி உடுத்தவர், கைக்குழந்தையைத் தோளில் சாய்த்த தாயார், கல்லூரி மாணவர், கடை விரித்த வியாபாரி என எல்லாரும் ஒரே பாதையில் செல்கின்றனர். அவர்களுள் யாருடைய உள்ளத்தில் என்ன இருக்கிறதென்று கேட்டால், "யார் கண்டார்?" என்றே விடையளிப்போம். ஆனால் நம் பங்கின் ஞாயிறு திருப்பலிக்கு வரும் சில நூறு பேரைக் குறித்து அதே கேள்வியைக் கேட்டால், நமது விடை உடனே மாறிவிடுகிறது. "இவரை நமக்குத் தெரியாதா? இவருடைய தகப்பனாரைத் தெரியாதா?" என்கிறோம்.

உண்மையில் நமக்குத் தெரியுமா? பங்குக் குடும்பங்களிடையே இக்காலத்தில் மெல்லிய குரலில் பேசப்படும் ஒரு கேள்வி இதை நம் முன் வைக்கிறது. ஒரு சிறுமிக்கோ சிறுவனுக்கோ தீங்கிழைத்ததற்காகத் தண்டனை பெற்ற ஒருவர், வேலூர் மத்தியச் சிறையில் தம் காலத்தைக் கழித்துவிட்டு ஊர் திரும்புகிறார். ஆலயத்தின் கடைசி வரிசையில் முழந்தாளிட்டு அழுகிறார். அவரை மீண்டும் பாடற்குழுவில் சேர்க்கலாமா? அவர் வீட்டுக்கு எதிர்வீட்டில் இருக்கும் பிள்ளைகளைப் பழையபடி தெருவில் விளையாட விடலாமா? அவர் மனம் மாறிவிட்டாரா? மீண்டும் அதே குற்றத்தைச் செய்வாரா?

பிணை வழங்கும் நீதிபதியும், முன்கூட்டி விடுதலை செய்யப் பரிந்துரைக்கும் சிறைக் குழுவும், மனநல மருத்துவரும் இதே கேள்வியோடுதான் போராடுகின்றனர். ஏறத்தாழ எழுபது ஆண்டுக் கால ஆராய்ச்சிக்குப் பின்னும் இதற்கு எளிய விடை கிடைத்ததில்லை. ஆயினும் அந்த ஆராய்ச்சி நமக்குக் கற்றுத் தந்தவை சில உண்டு. அவற்றைக் குடும்பங்கள் அறிந்திருத்தல் நலம். ஏனெனில் இதில் நாம் தவறினால் அதன் விலையைக் கொடுப்பது ஒரு குழந்தை.

முகம் கூறும் பொய்

அச்சம் கொள்ளும்போது நாம் முதலில் பார்ப்பது அந்நியனை. 2018-ஆம் ஆண்டு மே மாதத்தில் நம் மாவட்டத்தின் போளூருக்கு அருகே நிகழ்ந்ததை எவரும் மறந்திருக்க முடியாது. குழந்தைகளைக் கடத்தும் கூட்டம் உலவுகிறதென்று கைப்பேசிகளில் வதந்தி பரவியிருந்த நேரம். குலதெய்வக் கோவிலுக்குச் செல்லும் வழியில் சென்னையிலிருந்து காரில் வந்த ஒரு குடும்பத்தார், அத்திமூர் கிராமத்தில் வழி விசாரித்தனர். அவர்களுள் 65 வயது மூதாட்டி ஒருவர் அங்கிருந்த குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். அவ்வளவுதான். கூட்டம் திரண்டது, அடித்தது. அம்மூதாட்டி உயிரிழந்தார். பிள்ளைகளைக் காக்கிறோம் என்ற எண்ணத்தோடு ஓர் ஊர் ஒரு பாட்டியைக் கொன்றது.

மறுபுறம், 2025 செப்டம்பர் இறுதியில் நம் நகரின் புறவழிச்சாலையில், வெளிமாநிலத்திலிருந்து வந்த ஓர் இளம்பெண்ணை வன்கொடுமை செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்டுக் கைதானவர்கள் யார்? இரவு ரோந்துப் பணியிலிருந்த இரு காவலர்கள். அவர்கள் பணியிலிருந்தே நீக்கப்பட்டனர். வழக்கின் தீர்ப்பு நீதிமன்றத்தின் பொறுப்பு. ஆயினும், மிட்டாய் கொடுத்தவரைக் கண்டு நடுங்கிய நாம், சீருடையைக் கண்டால் நிம்மதி அடைவோம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

தேசியக் குற்றப் பதிவேடுகள் அமைப்பு ஆண்டுதோறும் வெளியிடும் கணக்கு இதையே உறுதி செய்கிறது. பதிவான பாலியல் வன்கொடுமை வழக்குகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் பாதிக்கப்பட்டவருக்கு முன்பே தெரிந்தவர்: உறவினர், அண்டை வீட்டார், நண்பர், வேலை கொடுத்தவர். 2018-இல் சென்னை அயனாவரத்தில் செவித்திறன் குன்றிய 11 வயதுச் சிறுமியொருத்தி பல மாதங்கள் கொடுமைக்கு ஆளானாள். அவ்வழக்கில் 2020-இல் தண்டிக்கப்பட்ட 15 பேரும் அவள் வாழ்ந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் பணியாற்ற வந்து போனவர்கள். மின்தூக்கி இயக்கியவரும் காவற்பணி செய்தவரும் அவர்களுள் இருந்தனர். நாள்தோறும் கண்டு பழகிய முகங்கள் அவை. வெளுத்ததெல்லாம் பாலாகாது என்று நம் முன்னோர் சொன்னது வெறும் வழக்குச்சொல்லன்று.

நன்னடத்தை என்னும் சான்று

முகத்தை நம்பலாகாது எனில், நடத்தையை நம்பலாமன்றோ? சிறையில் பல ஆண்டுகள் ஒழுங்காக இருந்தவர், விதிகளை மீறாதவர், அதிகாரிகளின் நன்மதிப்பைப் பெற்றவர் திருந்தியவர்தாமே?

இவ்விடத்தில் நாம் சற்றே நின்று நிதானிக்க வேண்டும். சிறுவர்க்குத் தீங்கிழைத்த ஒருவர் சிறையில் அடங்கி நடப்பதில் வியப்பென்ன? அங்கே சிறுவர்கள் இல்லை. குடிப்பவன் கள்ளில்லா ஊரில் குடிக்காமலிருப்பதைப் போன்றது அது. சிறை விதிகளுக்கு அவர் கீழ்ப்படிந்தார் என்பதையே நன்னடத்தைச் சான்று கூறும். வெளியுலகில் சோதனை வரும்போது அவர் எவ்வாறு நடப்பார் என்பதை அது கூறாது.

குஜராத்தில் 2002 கலவரத்தின்போது, கருவுற்றிருந்த பில்கிஸ் பானுவைக் கூட்டுப் பாலியல் வன்கொடுமை செய்து, அவருடைய சிறு மகள் உட்படக் குடும்பத்தார் பலரைக் கொன்ற குற்றத்திற்காக 11 பேர் ஆயுள் தண்டனை பெற்றனர். 2022 ஆகஸ்ட் 15 அன்று அவர்கள் முன்கூட்டி விடுதலை செய்யப்பட்டனர். நன்னடத்தை அதற்கு ஒரு காரணமாகக் காட்டப்பட்டது. பரிந்துரைத்த குழுவில் இருந்த சட்டமன்ற உறுப்பினர் ஒருவர், அவர்களுள் சிலர் நல்ல பண்பாடுடைய பிராமணர் என்று வெளிப்படையாகவே பேசினார். குலமும் குடும்பமும் குணத்திற்குச் சான்றாகிவிட்டன! 2024 ஜனவரி 8-இல் உச்ச நீதிமன்றம் அவ்விடுதலையை இரத்து செய்து, அனைவரையும் சிறைக்குத் திரும்பப் பணித்தது. விடுதலை செய்யும் அதிகாரமே குஜராத் அரசுக்கு இல்லை என்பது தீர்ப்பின் அடிப்படை. ஆயினும் அந்நிகழ்ச்சி நமக்கு விட்டுச்சென்ற கேள்வி வேறு: ஒருவருடைய பிறப்பையும் பெயரையும் கொண்டு அவரிடமுள்ள ஆபத்தை அளக்கலாமா?

வல்லுநர்களே அளந்தபோதும் பிழை நேர்ந்ததுண்டு. இங்கிலாந்தில் ஜான் வோர்பாய்ஸ் என்னும் வாடகைக் கார் ஓட்டுநர், பயணிகளான 12 பெண்களுக்கு எதிரான 19 குற்றங்களுக்காக 2009-இல் தண்டிக்கப்பட்டார். 2018 தொடக்கத்தில், அவரை விடுவிக்கலாம் என்று பரோல் வாரியம் முடிவு செய்ததாக அறிவிக்கப்பட்டது. உளவியலாளர்களின் அறிக்கைகள் வாரியத்தின் முன் இருந்தன. பாதிக்கப்பட்ட பெண்களே வழக்குத் தொடுத்தனர். அவ்வாண்டு மார்ச் மாதத்தில் உயர் நீதிமன்றம் அம்முடிவை இரத்து செய்தது. தண்டிக்கப்பட்ட குற்றங்களை மட்டும் பார்த்த வாரியம், அவர்மேல் வேறு பலர் கூறியிருந்த குற்றச்சாட்டுகளை ஆராயத் தவறிவிட்டதென்று நீதிபதிகள் கண்டனர். மறு ஆண்டிலேயே அவர் மேலும் நான்கு பெண்களுக்கு எதிரான குற்றங்களை ஒப்புக்கொண்டு ஆயுள் தண்டனை பெற்றார். ஏட்டில் எழுதப்படாதிருந்ததே அங்கே உண்மையின் பெரும் பகுதியாக இருந்தது.

திருச்சபையின் வரலாற்றிலும் இப்பாடம் கண்ணீரால் எழுதப்பட்டுள்ளது. அமெரிக்காவின் பாஸ்டன் உயர்மறைமாவட்டத்தில் ஜான் கேகன் என்ற குரு, சிறுவர்க்குத் தீங்கிழைத்ததாக எழுந்த குற்றச்சாட்டுகளுக்குப் பின் சிகிச்சைக்கு அனுப்பப்பட்டார். நலமடைந்தார் என்று மருத்துவர்கள் எழுதிக் கொடுத்தனர். 1984-இல் அவர் மற்றொரு பங்கில் பணியமர்த்தப்பட்டார்; அங்கும் சிறுவர்கள் துன்புற்றனர். 2002-இல்தான் நீதிமன்றம் அவரைத் தண்டித்தது. நம் தமிழகத்தின் உதகை மறைமாவட்டக் குரு ஒருவர், அமெரிக்காவில் பணியாற்றியபோது ஓர் இளம்பெண்ணுக்கு இழைத்த குற்றத்தை 2015-இல் அந்நாட்டு நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். 2016-இல் அவர்மீதிருந்த பணித்தடை நீக்கப்பட்டபோது, பாதிக்கப்பட்டோர் எழுப்பிய வேதனைக் குரல் கடல் கடந்து கேட்டது. இவற்றை நாம் எழுதுவது திருச்சபையைத் தூற்றுவதற்காகவன்று. ஆன்ம ஞானத்தில் தேர்ந்த ஆயர்களும் மருத்துவத்தில் தேர்ந்த அறிஞர்களும் தடுமாறிய இடத்தில், "எனக்கு ஆளைப் பார்த்தாலே தெரியும்" என்று நம்மில் எவரும் கூறத் துணியலாகாது என்பதற்காகவே.

அறிவியல் கண்டவை

உளவியலறிஞர் பால் மீல் என்பவர் 1954-இல் ஒரு நூல் வெளியிட்டார். வல்லுநர் ஒருவர் தம் அனுபவத்தைக் கொண்டு கூறும் கணிப்பைவிட, கடந்தகாலப் பதிவுகளிலிருந்து பெறும் எளிய கணக்கு பெரும்பாலும் அதிகமாகத் தவறுவதில்லை என்பதே அதன் சாரம். ஆயுள் காப்பீட்டுக் கழகத்தார் தனி மனிதர் எப்போது இறப்பார் என்று சோதிடம் பார்ப்பதில்லை. வயது, நோய், தொழில் ஆகியவற்றைக் கொண்டு ஒரு தொகுதியினர்க்குக் கணக்கிடுகின்றனர். அவ்வழியிலேயே கனடாவின் கார்ல் ஹான்சனும் இங்கிலாந்தின் டேவிட் தார்ன்டனும் 1999-இல் ஸ்டாட்டிக்-99 என்னும் அளவுகோலை உருவாக்கினர். அதில் பத்தே பத்துக் கேள்விகள். விடுதலையாகும்போது வயது என்ன? இதற்கு முன் பாலியல் குற்றத்திற்காக வழக்குகள் உண்டா? வேறு வன்முறை உண்டா? பாதிக்கப்பட்டவர் உறவினரா, அந்நியரா? ஆணா, பெண்ணா? இத்தகைய கேள்விகளுக்குப் பதிவேட்டிலிருந்து விடை எடுத்துக் கூட்டினால் ஓர் எண் கிடைக்கும்.

இந்தக் கேள்விகளில் கண்ணீருக்கு இடமில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டாரா, மறுக்கிறாரா, மனம் வருந்துகிறாரா என்ற கேள்விகளும் இல்லை. ஏன்? 61 ஆய்வுகளைத் தொகுத்து ஹான்சனும் அவருடைய துணையாய்வாளரும் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், குற்றத்தை மறுப்பதற்கும் பாதிக்கப்பட்டவர்மேல் இரக்கமின்மைக்கும் மறுகுற்றத்தோடு குறிப்பிடத்தக்க தொடர்பு தென்படவில்லை. குழந்தைகள்மேல் கொள்ளும் முறையற்ற இச்சை, முந்திய குற்றங்கள், சட்டத்தை மதியாத வாழ்க்கை முறை ஆகியவையே பெரிதும் எச்சரித்தன. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் மாணவியொருத்திக்குத் தீங்கிழைத்து, 2025 ஜூனில் 30 ஆண்டுக்குக் குறையாத ஆயுள் சிறை பெற்றவர்மீது முன்னரே வேறு பல குற்ற வழக்குகள் இருந்ததை நாம் இங்கு நினைவுகூரலாம்.

பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அமர்ந்து மனிதரின் கண்ணீரை ஆண்டுக்கணக்கில் கண்டு வரும் குருக்களுக்கு இவ்வுண்மை கசப்பானது. அழுகிறவர் பொய்யாக அழுகிறார் என்று நாம் கூறவில்லை. அந்த வேளையில் அவர் உண்மையாகவே அழலாம். ஆனால் இன்று வடிக்கும் கண்ணீர் நாளைய சோதனைக்கு உத்தரவாதமாகாது. பேதுரு அவ்விரவில் தம் ஆண்டவருக்கு வாக்களித்தபோது பொய்யாகவா வாக்களித்தார்? சேவல் கூவுமுன் அவ்வாக்கு என்னவாயிற்று என்பதை நாம் அறிவோம்.

எண்களின் எல்லை

அப்படியானால் எண்களை முற்றிலும் நம்பிவிடலாமா? அதுவும் ஆகாது. எண்கள் கூறுவதையும் கூறாததையும் பிரித்தறிய வேண்டும்.

முதலாவதாக, பொதுமக்கள் எண்ணுவதைவிடப் பதிவான மறுகுற்றம் குறைவு. ஹான்சனும் ஹாரிசும் பல நாடுகளைச் சேர்ந்த 4,724 குற்றவாளிகளின் பதிவுகளை 2004-இல் ஆராய்ந்தனர். மீண்டும் பாலியல் குற்றத்திற்காக வழக்குக்கோ தண்டனைக்கோ உள்ளானவர்கள் ஐந்து ஆண்டுகளில் நூற்றுக்கு 14 பேர். பத்து ஆண்டுகளில் 20 பேர். பதினைந்து ஆண்டுகளில் 24 பேர். குற்றமின்றிக் கழியும் ஒவ்வோர் ஆண்டும், ஏறும் வயதும் ஆபத்தைக் குறைக்கின்றன. ஆனால் அமெரிக்க உச்ச நீதிமன்றமே 2002-இல் ஒரு வழக்கில், சிகிச்சை பெறாதோர் நூற்றுக்கு 80 பேர் வரை மீண்டும் குற்றம் புரிவர் என்னும் மதிப்பீட்டை எடுத்தாண்டது. அவ்வெண்ணின் வேரைத் தேடிச் சென்றவர்கள் கண்டது, 1986-இல் ஒரு பொது உளவியல் இதழில் ஆதாரமின்றி எழுதப்பட்ட ஒரு கூற்றை மட்டுமே.

இரண்டாவதாக, பதிவான எண் முழு எண்ணாகாது. எத்தனையோ குழந்தைகள் வாய் திறப்பதே இல்லை. உறவினரால் துன்புற்றவர்கள் அதிலும் மௌனிகள். ஆகவே மேலே கண்ட எண்கள் தரையைக் காட்டுமேயன்றிக் கூரையைக் காட்டமாட்டா.

மூன்றாவதாக, கணக்கு தொகுதியைப் பற்றியது. தனி மனிதரைப் பற்றியதன்று. ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்வோம். விடுதலையானோர் ஆயிரம் பேர். அவர்களுள் நூறு பேர் மீண்டும் குற்றம் செய்யக்கூடியவர்கள். நம் கையிலுள்ள அளவுகோல் நூற்றுக்கு எழுபது பங்கு சரியாகக் கூறும் என்று வைத்துக்கொள்வோம். அது அந்த நூறு பேரில் 70 பேரைச் சரியாகச் சுட்டும். 30 பேரைத் தப்பவிடும். குற்றம் செய்யப்போகாத 900 பேரில் 270 பேரையும் ஆபத்தானவர் என்று தவறாகச் சுட்டும். ஆக, சுட்டப்பட்ட 340 பேரில் உண்மையில் ஆபத்தானவர் ஐவரில் ஒருவரே. தவறாகச் சுட்டப்பட்டவருக்கு வேலை போகும், வீடு போகும். தப்பவிடப்பட்டவரால் ஒரு குழந்தையின் வாழ்வே போகும். இரண்டும் அநீதியே, ஆயினும் இரண்டாவதைத் திருப்பித் தர இயலாது.

நம் நாட்டில் அழியும் ஏடு

நான்காவது தடை நமக்கே உரியது. அதை வெளிநாட்டு நூல்கள் விளக்கமாட்டா. நாமே எண்ணிப் பார்க்க வேண்டும்.

இந்த அளவுகோல்கள் கனடா, இங்கிலாந்து போன்ற நாடுகளின் கைதிகளைக் கொண்டு உருவானவை. அவற்றில் ஒரு கேள்வி, தாம் விரும்பிய துணையோடு இரண்டு ஆண்டுகளேனும் சேர்ந்து வாழ்ந்தாரா என்பது. வாழ்ந்தவர்க்கு ஆபத்துக் குறைவு என்பது கணக்கு. பெற்றோர் பெண் பார்த்து மணமுடித்து வைக்கும் நம் சமுதாயத்தில் அக்கேள்விக்கு அதே பொருள் உண்டா? இங்கே திருமணமானவர் என்பது அவருடைய பெற்றோரின் முயற்சிக்குச் சான்று. "கலியாணம் செய்து வைத்தால் சரியாகிவிடுவான்" என்று ஒரு பெண்ணின் கழுத்தில் ஆபத்தைக் கட்டிவிடுவதும் நம்மிடையே உண்டன்றோ?

இதைவிட ஆழமான தடை ஒன்றுள்ளது. எல்லா அளவுகோல்களும் ஒரே தூணின்மேல் நிற்கின்றன: கடந்தகாலப் பதிவு. முன்பு என்ன செய்தார், எத்தனை முறை, யாருக்கு என்னும் விவரம். அந்தப் பதிவைத்தான் நாம் நம் கைகளாலேயே அழிக்கிறோம். மாமன் செய்தான் என்று பிள்ளை அழுதால், "வெளியே சொல்லாதே, குடும்ப மானம் போய்விடும்" என்கிறோம். ஊர்ப் பெரியவர்கள் கூடி அபராதம் விதித்து முடித்துவிடுகின்றனர். தீங்கு செய்தவனுக்கே பெண்ணைக் கட்டி வைக்கின்றனர். ஆசிரியர் மீது புகார் எழுந்தால் இராஜினாமாக் கடிதம் வாங்கி, நற்சான்றிதழும் கொடுத்து அடுத்த ஊருக்கு அனுப்பிவிடுகின்றனர். பத்தாண்டுகள் கழித்து அம்மனிதர் முதன்முறையாகக் காவல் நிலையம் செல்லும்போது, அவருடைய ஏடு வெண்மையாக இருக்கிறது. "இதற்கு முன் எந்தக் குற்றமும் இல்லாதவர்" என்று வழக்கறிஞர் வாதிடுகிறார். அது சட்டப்படி உண்மை. ஆனால் அந்த வெண்மை நாம் பூசிய சுண்ணாம்பு.

நீதிமன்றங்களும் இச்சோதனைக்குத் தப்பவில்லை. 2015 ஜூன் மாதத்தில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர், சிறுமியை வன்கொடுமை செய்ததாகத் தண்டிக்கப்பட்டவருக்கு, பாதிக்கப்பட்டவரோடு சமரசம் பேசும்பொருட்டு இடைக்காலப் பிணை வழங்கினார். ஜூலை தொடக்கத்தில் வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம், இத்தகைய குற்றங்களில் சமரசத்திற்கு இடமே இல்லையென்று கடுமையாக எடுத்துரைத்தது. அம்மாதமே சென்னை உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. 2021 மார்ச்சில், ஒரு பெண்ணின் மானத்திற்குப் பங்கம் விளைவித்தவர் அவளிடம் இராக்கி கட்டிக்கொள்ள வேண்டுமென்று மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றம் விதித்திருந்த பிணை நிபந்தனையையும் உச்ச நீதிமன்றம் நீக்கியது.

2018 செப்டம்பரில் நடுவண் அரசு பாலியல் குற்றவாளிகளின் தேசியத் தரவகத்தைத் தொடங்கியபோது அதில் ஏறத்தாழ 4.4 இலட்சம் பதிவுகள் இருந்தன. காவல்துறை மட்டுமே அதைப் பார்க்கலாம். ஆனால் தண்டிக்கப்பட்டவர்க்கே அதில் இடம். வீட்டுக்குள் புதைக்கப்பட்டவை அதில் எவ்வாறு இடம்பெறும்? எவ்வளவு நுண்ணிய அளவுகோலானாலும், எழுதப்படாத ஏட்டை வாசிக்க அதனால் இயலாது.

ஆகவேதான் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் ஒரு கடமையை எல்லார்மீதும் சுமத்தியுள்ளது. சிறுவர்க்கு எதிரான பாலியல் குற்றம் நிகழ்ந்ததை அறிந்தவர் எவராயினும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். தவறினால் ஆறு மாதம் வரை சிறை. நிறுவனத் தலைவர் தம் கீழ்ப் பணிபுரிபவரின் குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை சிறை. சமய நிறுவனங்களில் பணியாற்றுவோர் குற்றம் புரிந்தால் அதைக் கொடிய குற்றமாகவே அச்சட்டம் கருதுகிறது. குழந்தைகள் உதவி எண் 1098 இரவும் பகலும் இயங்குகிறது. புகார் கொடுப்பது பழிவாங்குதல் என்று எண்ணுவோர் உளர். உண்மையில் அது அடுத்த குழந்தைக்கு எழுதி வைக்கும் எச்சரிக்கை.

மன்னிப்பும் திறவுகோலும்

இறுதியாக, கிறிஸ்தவக் குடும்பங்களின் உள்ளத்தை உறுத்தும் கேள்விக்கு வருவோம். "ஆண்டவர் மன்னிக்கச் சொன்னாரன்றோ? திருந்தி வந்தவரைச் சந்தேகிப்பது பாவமன்றோ?"

நியூ மெக்சிகோவில் 1947-இல், தவறிய குருக்களுக்கெனத் தனிச் சபையை நிறுவியவர் ஜெரால்ட் பிட்ஜெரால்ட் அடிகளார். வீழ்ந்தவர்களைத் தூக்குவதற்காகவே தம் வாழ்வைக் கொடுத்த இரக்கமுள்ளவர். அவரே, சிறுவர்க்குத் தீங்கிழைத்த குருக்களை மீண்டும் பங்குப் பணிக்கு அனுப்பலாகாது என்று 1950-களிலேயே ஆயர்களுக்கு எழுதினார். 1963-இல் திருத்தந்தையிடமும் தம் கருத்தைத் தெரிவித்தார். அவர் இரக்கமற்றவராக இருந்து அவ்வாறு எழுதவில்லை. அருகிலிருந்து கண்டதால் எழுதினார். அமெரிக்க ஆயர்கள் 2002-இல்தான், ஒரே ஒரு குற்றம் உறுதியானாலும் அக்குருவைப் பணியிலிருந்து நிலையாக விலக்க வேண்டும் என்ற விதியை ஏற்றனர். இடைப்பட்ட அரை நூற்றாண்டின் கணக்கை இறைவனே அறிவார்.

மன்னிப்பு ஒன்று, பொறுப்பை ஒப்படைத்தல் வேறு. பாவசங்கீர்த்தனத்தில் கிடைக்கும் மன்னிப்பு ஆன்மாவுக்கு உரியது. மறைக்கல்வி வகுப்பறையின் திறவுகோல் அத்தோடு சேர்ந்து வருவதன்று. பணத்தைக் கையாடிய ஒருவரை முழுமனத்தோடு மன்னிக்கலாம். மறுபடியும் உண்டியல் எண்ண அழைக்க வேண்டுமென்ற கட்டாயமில்லை. காசுக்குக் காட்டும் எச்சரிக்கையைக் குழந்தைக்குக் காட்டலாகாதா?

அதே வேளையில், திரும்பி வந்தவரை ஊரைவிட்டே துரத்துவதும் அறிவுடைமையன்று. வேலையும் வீடும் உறவும் இழந்து, எவர் கண்ணிலும் படாமல் அலைபவரிடமே ஆபத்து மிகுதி. கனடாவின் ஹாமில்டன் நகரில் 1994-இல் ஹாரி நை என்னும் மெனோனைட் போதகர் ஒரு புதிய வழியைத் தொடங்கினார். விடுதலையாகி வந்த, எல்லாரும் அஞ்சிய ஒருவரைச் சுற்றி, அவருடைய கதையை முழுவதும் அறிந்த சில விசுவாசிகள் ஒரு வளையமாக நின்றனர். கடைக்குப் போக, மருத்துவரைப் பார்க்க, தனிமையைத் தாங்க உதவினர், அதே சமயம், "இன்று எங்கே போனீர்? யாரோடு இருந்தீர்?" என்று கேட்கவும் தயங்கவில்லை. அந்த வழி பின்னர்ப் பல நாடுகளுக்குப் பரவியது. அன்பும் கண்காணிப்பும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதை அது காட்டியது.

நம் பங்குகளில் என்ன செய்யலாம்? உள்ளத்தை அளக்கும் வேலையை விட்டுவிட்டு, சூழலை ஒழுங்குபடுத்தும் வேலையை மேற்கொள்ளலாம். தண்டனை பெற்றுத் திரும்பியவர் திருப்பலிக்கு வரட்டும். ஆனால் அவர் நிலையை அறிந்த பெரியவர் ஒருவர் அவர் அருகில் அமரட்டும். சிறுவர்களோடு தொடர்புள்ள எந்தப் பணியும் அவருக்கு வேண்டாம். எத்தனை ஆண்டுகள் கடந்தாலும் வேண்டாம். உழைத்துப் பிழைக்க ஒரு வேலை தேடிக் கொடுப்போம். அது பிள்ளைகள் கூடும் இடமாக இராதிருக்கட்டும். பாதிக்கப்பட்ட குழந்தையும் அவரும் ஒரே திருப்பலியில் எதிர்ப்படும் நிலை இருந்தால், நேரத்தை மாற்றிக்கொள்ள வேண்டியவர் அவரே.

இன்னொன்று. இவ்விதிகளைச் சிறை சென்று வந்தவருக்கு மட்டும் வைத்தால், சிறை செல்லாதவர் எல்லாரும் நல்லவர் என்ற பழைய மயக்கத்திற்கே திரும்புவோம். ஆகவே விதி எல்லார்க்கும் பொதுவாகட்டும்: குருவுக்கும், உபதேசியாருக்கும், பாடற்குழுத் தலைவருக்கும், விடுதிக் காப்பாளருக்கும், வீட்டுக்கு வரும் மாமாவுக்கும். மூடிய அறையில் ஒரு குழந்தையோடு ஒரு பெரியவர் தனித்திருக்க வேண்டாம். சுற்றுலா சென்றால் பொறுப்பாளர் இருவர் செல்லட்டும். பிள்ளை ஒருவரிடம் போக மறுத்தால், "மரியாதை தெரியாதா?" என்று அதட்டுமுன், ஏன் என்று கேட்போம். அது எதைச் சொன்னாலும் முதலில் நம்புவோம். நல்லவர் எவரும் இவ்விதிகளால் புண்படமாட்டார். வீட்டுக்குப் பூட்டுப் போடுவதால் அண்டை வீட்டாரைத் திருடரென்று சொன்னதாகாது.

ஈசாயின் மூத்த மகனுடைய உயரத்தையும் தோற்றத்தையும் கண்டு, இவனே அரசன் என்று எண்ணியவர் இறைவாக்கினர் சாமுவேல். வள்ளுவர் பெருமானும் ஒருவரை ஆராய்ந்து தெளிவது எத்துணை அரிது என்று உணர்ந்தன்றோ 'தெரிந்து தெளிதல்' என ஓர் அதிகாரமே வகுத்தார்! மனித உள்ளத்தை முற்றும் வாசிக்கும் கோல் நம்மிடம் இல்லை. நம்மிடம் இருப்பவை இரண்டு: நடந்ததை மறைக்காமல் எழுதி வைக்கும் நேர்மை, நடக்கக்கூடியதற்கு வழி விடாத விழிப்பு. இவ்விரண்டையும் நம் குடும்பங்கள் கைக்கொள்ளட்டும். உள்ளங்களுக்குத் தீர்ப்பிடும் பொறுப்பை ஆண்டவரிடம் விட்டுவிடுவோம். குழந்தைகளைக் காக்கும் பொறுப்பை அவர் நம்மிடம் அல்லவா ஒப்படைத்திருக்கிறார்?